குளிர்ச்சியான நிறம்

மொக்கையன் குறட்டை விட ஆரம்பித்தால் அந்த எஸ்டேட் லயத்தில் உலை வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. கடிகாரம் இருந்தால்தானே பார்க்க. வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாமல் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஒரு கோடியில் இருமினால் மறு கோடியில் சுக்குத் தட்டுவார்கள். அந்த லட்சணத்தில் நடு வீட்டில் படுத்துக்கொண்டு அவன் விடுகிற குறட்டை எங்கெல்லாம் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏத்தா வேலு, ஓம் புருசன் லாரி ஏத்தத்துல ஏறிருச்சு. அரிசியக் களையலாமா?" என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் சுவருக்கு மேலே குரல் கொடுப்பாள். வேலுத்தாய்க்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு ஆம்பளைக்கு என்ன தூக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தேயிலை அப்படி. பகலெல்லாம் பெண்கள் கிள்ளிப் போடுகிற கொழுந்து, சாயங்காலம் ஃபேக்டரி மாடியில் பரப்பி வாட வைக்கப்பட்டு, நடுச்சாமம் கழிந்த பிறகுதான் கீழே கொழுந்தை உருட்டிக் கசக்குகிற ரோலருக்கு வரும். சங்கு ஊதினால் ரோலிங் ரூம் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போக வேண்டும். காலையில் திரும்பி வந்தால் விறகு, ரேஷன், மாடு என்று பகல் எதையாவது சொல்லி இழுக்கும். அவர்களுக்கு வாய்த்த தூக்கம் சாயங்காலத் தூக்கம் மட்டும்தான். ஊர் விளக்கு வைக்கிற நேரம் அவர்களுக்கு ராத்திரி.

போடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்த வேலுத்தாய்க்கு இது முதலில் பிடிபடவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள். இங்கே புருஷன் அந்த நேரம் பார்த்து அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறான், விளக்கை ஏற்றினால் புரண்டு படுக்கிறான். வந்த முதல் வாரத்தில் மொக்கையன் அவளை உட்கார வைத்துச் சொன்னான்.

"இந்தா பாரு வேலு. ஒரு வேளைச் சோறு இல்லன்னாலும் நான் தாங்கிருவேன். தூக்கம் இல்லாம மட்டும் ரோலர் பக்கத்துல நிக்க முடியாது. கண்ணு ஒரு சிமிட்டு அசந்தாப் போதும், மெஷினு சும்மா விடாது. கேட்டுல வாச்சர் வேல பாக்குற பெரியமுத்தண்ணன் கையப் பாத்தியா?"

அவள் பார்த்திருந்தாள். அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் விளக்கு இல்லை. சாமிக்கு ஏற்றுகிற அகலை அடுப்படி மூலையில் வைத்துத் தகரத் தட்டால் மறைத்துவிடுவாள். அடுப்புக் கங்கின் வெளிச்சத்திலேயே குழம்பு கூட்டுவாள், தடவிப் பார்த்து உப்புப் போடுவாள். லயத்துப் பெண்கள் சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது இவள் இருட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. தங்கியிருந்தால் அதுகளோடு பேசிக்கொண்டாவது இருந்திருப்பாள். கோழி கத்தினால் எழுந்து போய் விரட்டுவாள், வாசலில் யாராவது சத்தமாகச் சிரித்தால் போய்க் கையெடுத்துக் கும்பிடுவாள். கைப்பிள்ளைக்காரி காவல் இருக்கிற மாதிரி அவனுடைய தூக்கத்துக்கு அவள் காவல் இருந்தாள்.

எமர்ஜென்சி போட்ட மறு வருஷம் லயங்களுக்குக் கரண்டு வந்தது. வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு எஸ்டேட் கொடுத்தது. டியூப் லைட்டு வேண்டுமென்றால் அவரவர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். எல்லோரும் கிடைத்த பல்பைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். வேலுத்தாய்க்கு மட்டும் டியூப் லைட்டின் மேல் கண். வண்டிப்பெரியாரில் ஒரு பலகாரக் கடையில் அது எரிவதைப் பார்த்திருந்தாள். சாயங்காலம் போய்விட்டது என்றே தெரியாமல் கடை முழுக்கப் பகலாக இருந்தது. ஆனால் புருஷனின் தூக்கத்தை நினைத்து வாயைத் திறக்கவில்லை. மொக்கையன் எப்படித்தான் கண்டுபிடித்தானோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, நீளமான அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எதுக்குங்க இது? உங்களுக்குத் தூக்கம் கெடுமே."

"எத்தன வருசமா எனக்காக இருட்டுல ஒக்காந்துருக்க. போடு. நான் எங்க படுத்தாலும் தூங்குற ஆளு."

லைட்டு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தபோது, அந்தி வேளையில் ஒருவர் முகத்தை ஒருவர் தெளிவாகப் பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, நீ இம்புட்டு நல்லாவா இருக்க? தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா அப்பவே வாங்கியிருப்பேன்" என்றான். அவள் கரண்டிக் காம்பால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள்.

மறுநாளிலிருந்து வேலுத்தாய் வீடு லயத்துப் பெண்களுக்கெல்லாம் போக்கிடமாகிவிட்டது. அப்போது வயர் கூடை பின்னுவது மும்முரமாக இருந்த காலம். ஆளுக்கொரு வயர்க் கட்டோடு வந்து டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனை வருஷமாக இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவளைச் சுற்றி இப்போது நாலு பெண்கள், தாழ்ந்த குரலில் பேச்சு, சிரிப்பு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மொக்கையனின் பாய் மட்டும் அதே அறையில்தான். அடுப்படியில் புகை, அங்கே படுக்க முடியாது. முதல் இரண்டு நாள் அவன் புரண்டுகொண்டே கிடந்தான். வேலுத்தாய் பதறிப்போய் லைட்டை அணைக்க எழுந்தால், "சும்மா இரு புள்ள" என்று தடுத்துவிட்டான். அதனால் அவள் குறுக்கே ஒரு கயிறு கட்டி, தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டாள். நன்றாக வெளுத்துப்போன செங்கல் சிவப்புச் சேலை. அதற்குப் பின்னால் வெளிச்சம் வடிந்து, கங்கு கனன்று அணைகிற நேரத்துச் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும் லாரி ஏற்றத்தில் ஏறிவிட்டது. கூடை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இது இப்படியே இருந்திருக்கலாம். யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது.

அந்த வருஷம் கோடையில் மொக்கையனுக்குக் கண் சிவந்து எரிச்சல் எடுத்தது. தேயிலைத் தூசி பறக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவனுக்குக் கண் சிவப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்கு எது வந்தாலும் அது ஒன்று சூடு, இல்லையென்றால் குளிர்ச்சி. பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி. கோழி சூடு, மோர் குளிர்ச்சி. நிறத்துக்கும் இந்தக் கணக்கு உண்டா என்று அதுவரைக்கும் யாரும் யோசித்ததில்லை. ராசம்மாள் யோசித்தாள். கூடையின் காது முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டே அந்தச் சேலையைப் பார்த்தவள், "அது எப்புடித்தா கண்ணு சிவக்காம இருக்கும்? செக்கச்செவேர்னு தீக்கங்கு மாதிரி ஒரு துணியத் தொங்கவிட்டு அதுக்குக் கீழ தெனமும் படுக்கப் போட்டா ஒடம்பு கொதிக்கத்தான செய்யும்?" என்றாள்.

சொன்னதுதான் தாமதம், அங்கே இருந்த எல்லோருக்கும் அது முன்பே தெரிந்த விஷயமாகிவிட்டது. ஆமாம், சிவப்பு சூடு. மஞ்சளும் சூடுதான். பச்சை பரவாயில்லை. நீலம்தான் குளிர்ச்சி, ஆகாசமும் தண்ணியும் நீலம், அதனால்தான் பார்த்தாலே கண் குளிர்கிறது. வேலுத்தாய் டிஸ்பென்சரிக்குப் போய்க் கண்ணுக்கு மருந்து வாங்கும்போது மலையாளத்துக் கம்பவுண்டரிடமும் கேட்டாள். நீலத் துணி நல்லதா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "நல்லதாணு, நல்லதாணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வண்டிப்பெரியாருக்குப் போனாள். ஜவுளிக்கடையில் ஸ்கிரீன் துணி என்று கேட்டாள். கடைக்காரர் நாலைந்து கட்டைப் பிரித்துப் போட்டார். மெல்லிசான வான நீலத் துணி ஒன்று, கையை அடியில் விட்டால் விரல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தாள். விரலுக்குச் சில்லென்று இருந்தது. நைலான் கலந்த துணி அப்படித்தான் இருக்கும். அவளுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்து, நாலாகக் கிழித்து அடுப்படிக்குக் கரித்துணியாகப் போட்டாள். நீல ஸ்கிரீனைக் கட்டி லைட்டைப் போட்டதும் அந்தப் பக்கம் முழுக்க ஒரு நீல வெளிச்சம் பரவியது. சுவர், பாய், கம்பளி எல்லாமே குளத்துக்குள் இருப்பது போல் இருந்தன. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் நின்று பார்த்து, "என்னா குளுமை, என்னா குளுமை" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மொக்கையனும் நின்று பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. அந்தச் சேலைய எங்க போட்ட?"

"கரித்துணிக்குக் கிழிச்சுட்டேன். ஏன்?"

"இல்ல, அதுல எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "உங்க ஒடம்பு குளுறணும்னு நான் பஸ்ஸு ஏறிப் போயி, கட கடையா அலஞ்சு வாங்கிட்டு வாரேன். உங்களுக்குக் கிழிஞ்ச சேலதான் பெருசாப் போச்சு" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"அட, கோவிச்சுக்காத புள்ள. இதுலயும் தூங்குவேன். நீ வாங்கிட்டு வந்ததாச்சே" என்றான் அவன்.

இதற்கு மேல் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பின்னால் இந்தப் பேச்சைத்தான் அவள் ஓயாமல் நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன என்று நினைப்பாள், நினைத்து நெஞ்சிலேயே குத்திக்கொள்வாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து குறட்டை நின்றுபோனது.

லயமே ஆச்சரியப்பட்டது. ராசம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "சூடு எறங்கிருச்சுத்தா. சூட்டுனாலதான் கொறட்டையே. நான் சொல்லல?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். குறட்டைப் புருஷன் வாய்த்த இன்னும் இரண்டு பெண்கள் நீலத் துணி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துக்கொண்டார்கள். வேலுத்தாய் ஸ்கிரீனை ஒதுக்கி எட்டிப் பார்ப்பாள். சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, அசையாமல் படுத்திருப்பான். இப்படி நிம்மதியாகத் தூங்கி அவனைப் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். பெண்கள் கலைந்து போனதும் லைட்டை அணைத்துவிட்டு அவளும் படுத்துக்கொள்வாள்.

முன்பெல்லாம் சங்கு ஊதினால் அவனை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தோளைப் பிடித்து உலுக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கம்பளியை உருவ வேண்டும். இப்போது அவள் கை பட்டவுடன் எழுந்துவிட்டான். சில நாள் கை படுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தான். அதற்கும் அவள் சந்தோஷப்பட்டாள். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தான், காலையில் சாப்பிடும்போது பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே தலை தொங்கும். வயசு ஏறுகிறது, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். கண் தெரிந்த ஒருத்தி இதையெல்லாம் பார்த்தும் எப்படிப் புரியாமல் இருந்தாள் என்று கேட்கலாம். தூக்கம் வந்ததா என்று அவனைக் கேட்டால் "ம்ம், நல்லாத் தூங்குனேன்" என்று சொன்னான். சொல்கிறவன் புருஷன். நம்பாமல் என்ன செய்வாள்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. வேலுத்தாய் தலையில் துணி கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கருத்தப்பாண்டி படியேறி வந்தான். ரோலிங் ரூமில் மொக்கையனோடு சேர்ந்து நிற்கிறவன், தம்பி முறை. காலில் செருப்பில்லை. வாசல் வரை வந்தவன் உள்ளே வராமல் நின்றான்.

"மதினி, கூடைய எறக்கி வைங்க" என்றான்.

 கூடையை இறக்கி வைத்தாள். ரோலரில் கொழுந்து கட்டியாகச் சேர்ந்ததைக் கையால் தள்ளிவிடக் குனிந்த மொக்கையன், குனிந்தபடியே நின்றிருக்கிறான். சுற்றி வந்த இரும்புக் கை நெஞ்சில் அடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், டிஸ்பென்சரி வாசலை எட்டும்போதே முடிந்துவிட்டது. கவனக்குறைவு என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள், வந்த உறவெல்லாம் குறைந்த பிறகு, கருத்தப்பாண்டி தனியாக வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். 

"அண்ணனுக்குத் தூக்கமே இல்ல மதினி. நின்னுக்கிட்டே கண்ணு சொருகிரும். ரெண்டு மூணு தடவ நானே சட்டையப் பிடிச்சு இழுத்து விட்டேன். வீட்டுல சொல்லிறாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு."

"தூங்குனாகளே பாண்டி. நான் தெனம் எட்டிப் பாத்தேனே. அசையாமத் தூங்குனாகளே."

"கண்ண மூடிக்கிட்டுக் கெடந்துருக்கு. நான் முழிச்சுக் கெடக்கேன்னு தெரிஞ்சா அவ வெளக்க அமத்திருவா, பாவம், இப்பத்தான் நாலு பேரோட ஒக்காந்து சிரிக்கா, அதக் கெடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு." அவன் துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டான். "என்னண்ணே கவலன்னு கேட்டேன். ஒரு கவலையும் இல்லடா, ஏன்னே தெரியல, கண்ண மூடுனாலும், வெளக்க அமத்துனாலும் உள்ளுக்குள்ள பகலாவே இருக்குன்னுச்சு. நான் சத்தியத்த மீறி உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொல்லாமப் போயிட்டேன்."

வேலுத்தாய் அவனைத் திட்டவில்லை. அவளுக்கு அப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏன் தூங்கவில்லை? சேலைக்குப் பின்னால் படுத்தபோது தூங்கினவன்தானே, அப்போதும் இதே லைட்டுதானே எரிந்தது? நடுவில் என்ன வந்தது? ஒரு கவலையும் இல்லை என்று சொன்னானாம். கவலை இல்லாதவனுக்கு எப்படித் தூக்கம் போகும்? பிள்ளை இல்லாத ஏக்கமா? அவனுடைய அக்கா ஒரு தரம் வேறு கல்யாணத்தைப் பற்றி ஜாடையாகப் பேசிவிட்டுப் போனாளே, அது மனசில் கிடந்து அரித்ததா? என்னைக் கட்டிக்கொண்டதே தப்பு என்று விட்டத்தைப் பார்த்துக் கிடந்தானா? ராசம்மாளிடம் கேட்டாள். "ஆம்பள மனசுல என்ன இருந்துச்சோ, யாரு கண்டா?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்துப்போனவனை நினைத்து அழுவதா, தன் மேல் அவனுக்கு என்ன குறை என்று நினைத்து அழுவதா என்று தெரியாமல் வேலுத்தாய் மாற்றி மாற்றி அழுதாள்.

கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அவனைத் தனியாக எடுத்த படம் எதுவும் கிடையாது. ஃபேக்டரிக்குப் பெரிய துரை வந்திருந்தபோது எல்லோரையும் நிற்க வைத்து எடுத்த குரூப் போட்டோ ஒன்று கருத்தப்பாண்டியிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வண்டிப்பெரியாரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருந்தான். முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வேலுத்தாயையும் அழைத்துக்கொண்டு போனான். ஸ்டூடியோக்காரர் கம்பம் பக்கத்து ஆள், ஐம்பது வயசிருக்கும், வாயில் வெற்றிலை.

"நல்ல நேரத்துக்கு வந்தீகம்மா. ரெண்டாவது வரிசையில ஒரே சாடையில ரெண்டு பேரு நிக்காக. ஆளு மாறிப் போச்சுன்னா நாளைக்கு என்னையத் திட்டுவாக. உள்ள வந்து அடையாளம் காட்டுங்க. கதவு இடுக்குல வெளிச்சம் வரக் கூடாது, வெரசா வாங்க" என்றார்.

அவள் மட்டும் உள்ளே போனாள். கதவை மூடிக் கறுப்புத் துணியையும் இழுத்துவிட்டார். சின்ன அறை. புளித்த வாடை. மூலையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. சுவரும் மேசையும் அவருடைய வெள்ளைச் சட்டையும் மங்கின சிவப்பாகத் தெரிந்தன. படத்தைப் பெரிதாக்குகிற கருவியிலிருந்து மேசை மேல் விழுந்த வெளிச்சத்தில், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரிந்த முகங்களில் ஒன்றை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் காகிதத்தை வைத்து என்னவோ செய்து, எடுத்து ஒரு தட்டு மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினார். வெற்றுக் காகிதமாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல மீசை வந்தது, காது வந்தது, கன்னத்துக் குழி வந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அழுகையை விழுங்குவதற்காகத்தான் அவள் ஏதோ கேட்டாள். "வெளிச்சம் வரக் கூடாதுன்னீக. இந்த பல்பு எரியுதே?"

"இது செகப்புல்ல? செகப்பு வெளிச்சம் இந்தக் காகிதத்துக் கண்ணுக்குத் தெரியாதும்மா. அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு இருக்கும். வெள்ளை பட்டாத்தான் முழிச்சுக்கிட்டுக் கருத்துப் போகும்."

"நீலம்?"

"நீலமா? அது எமனுல்ல. வெள்ளையில முழிக்கிறதே அதுல இருக்குற நீலத்தாலதாங்குறாக. நான் தொழிலுக்கு வந்த புதுசுல, பாக்கக் குளுமையா இருக்கேன்னு ஒரு நீல பல்ப மாட்டுனேன். ஒரு பொட்டிக் காகிதமும் பாழாப் போச்சு."

வேலுத்தாய் தட்டில் தெளிகிற முகத்தையே பார்த்தாள். பிறகு, "மனுசக் கண்ணுக்கும் அப்படித்தானாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் தட்டை ஆட்டிக்கொண்டே சிரித்தார். "அது எனக்கு என்ன தெரியும்? நான் காகிதத்தப் பாத்தவன். ஆனா ஒண்ணு, இந்த ரூமுக்குள்ள அரை மணி நேரம் ஒக்காந்தாப் போதும், எனக்குக் கொட்டாவியா வரும். வெளிய போயி அந்த டியூப் லைட்டுக்குக் கீழ நின்னா எல்லாம் தெளிஞ்சிரும்."

 அப்படியென்றால் அவனுக்குப் பிள்ளை ஏக்கமும் இல்லை, வேறு பெண்ணைப் பற்றின நினைப்பும் இல்லை. தன் மேல் அவனுக்கு ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. தூங்க விடாமல் அடித்தது, அவள் பஸ் ஏறிப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கி வந்த துணி. அதற்குப் பின்னால் அவன் தினமும் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே பகலாக, இந்தப் பக்கம் அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். காகிதமும் கண்ணும் ஒன்றில்லை என்று யாராவது படித்தவர்கள் சொல்லக்கூடும். அவளிடம் அது செல்லாது. அவள் அந்த அறையில் இரண்டு துணியும் கட்டிப் பார்த்தவள், ஒன்றில் குறட்டை கேட்டவள், ஒன்றில் கேட்காதவள். குறை என்று ஒன்று இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தாங்கக் கூடியதாக இது இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள். புருஷனைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வந்து அழுவது ஸ்டூடியோக்காரருக்குப் பழக்கம்தான். அவர் திரும்பி நின்று தன் வேலையைப் பார்த்தார்.

அது ஓய்ந்த பிறகு, படத்தை வேறொரு தட்டில் அலசி எடுத்துச் சிவப்பு வெளிச்சத்தில் அவளுக்குக் காட்டினார். மொக்கையன்தான். படம் எடுத்த நொடியில் கண்ணை இமைத்திருக்கிறான், இமை முக்கால்வாசி இறங்கியிருந்தது.

"கண்ணு மட்டும் சொருகிருச்சு. அதுக்குக் கவலப்படாதீகம்மா. மை தொட்டு நல்லாத் தெறந்து விட்டுர்றேன். பாக்குறவுக கண்டுபிடிக்கவே முடியாது."

"வேணாண்ணே."

"என்னம்மா?"

"தெறக்க வேணாம். மிச்சத்தையும் மூடி விட்டுருங்க."

அவர் சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்த்தார். "மாலை போடுற படம்மா இது. கண்ணு தெறந்து நம்மளப் பாக்குற மாதிரி இருந்தாத்தான நல்லாருக்கும். மூடுன படத்த யாரும் வீட்டுல மாட்ட மாட்டாக."

"நான் மாட்டிக்கிடுறேன்" என்றாள் வேலுத்தாய். "மூடி விடுங்கண்ணே. அவுக தூங்கி ரொம்ப நாளாச்சு."